பொம்மை மோட்டர்ல ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் எதுக்கு இருக்கு?

பழைய ரிமோட் கார் ஒண்ணை பிரிச்சு பாத்தீங்கன்னா பின் சக்கரத்துக்கு பக்கத்துல தகர உறை போட்ட சின்ன மோட்டர் ஒண்ணு இருக்கும், அதோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஆரஞ்சு கலர்லயோ பழுப்பு கலர்லயோ ஒரு சின்ன வட்ட வில்லை சால்டர் பண்ணி இருக்கும், மேல 104னு எழுதிருக்கும். அதான் கெப்பாசிட்டர். இதை வெட்டி எடுத்துட்டா மோட்டர் ஓடுமான்னு கேட்டா, ஓடும். நல்லாவே ஓடும். அப்புறம் எதுக்குடா அதை வேலை மெனக்கெட்டு வச்சிருக்கான்னு கேள்வி வருதுல்ல, அதுக்குத்தான் இந்த கட்டுரை.

குழப்பம் எங்கருந்து வருதுன்னா நம்ம வீட்டு சீலிங் ஃபேன்ல இருந்து. ஃபேன் மெதுவா சுத்துனா எலெக்ட்ரீஷியன் வந்து முதல்ல மாத்துறது கன்டென்சரைத்தான் (கெப்பாசிட்டருக்கே இன்னொரு பேர்), மாத்துனதும் ஃபேன் விர்ர்னு ஓடும், அதனால மோட்டர்னு ஒண்ணு இருந்தா கன்டென்சர் இருந்தாத்தான் சுத்தும்னு எல்லார் மனசுலயும் பதிஞ்சு போச்சு. ஆனா ஃபேன் சிங்கிள் ஃபேஸ் ஏசி மோட்டர். ஒரே ஒரு காயிலுக்கு ஏசி குடுத்தா காந்தப்புலம் சுழலாது, இருந்த இடத்துலயே கூடி குறையும் அவ்ளோதான். ரெண்டாவது காயில்ல ஓடுற கரண்டை கொஞ்சம் முந்தி வர வச்சாத்தான் சுழற்சி கிடைக்கும், அந்த வேலைக்குத்தான் அங்க 2.5 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் உக்காந்திருக்கு. பொம்மை மோட்டர் பேட்டரில ஓடுற டிசி மோட்டர், அதுல இந்த வேலையே கிடையாது. உள்ள நிரந்தர காந்தம் ரெண்டு, நடுவுல மூணு காயில் சுத்துன ரோட்டர், ரோட்டர் ஷாஃப்ட்ல மூணு துண்டா பிரிச்ச செம்பு வளையம் (கம்யூட்டேட்டர்), அதை ரெண்டு பக்கமும் உரசிட்டு நிக்கிற ரெண்டு பிரஷ். ரோட்டர் சுத்த சுத்த பிரஷ் ஒரு துண்டை விட்டு அடுத்த துண்டுக்கு போகும், கரண்ட் தானா காயில் மாறும், சுழற்சி தொடரும். முடிஞ்சுது. இதுல ரெசிஸ்டரும் வேணாம் கெப்பாசிட்டரும் வேணாம்.

என்னை கேட்டா இந்த ரெண்டு பார்ட்டும் மோட்டருக்காக இல்ல, மோட்டர் கிட்டருந்து மத்த சர்க்யூட்டை காப்பாத்துறதுக்காக. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க, எந்த பார்ட் எங்க வரணும்னு பாதி தானாவே புரிஞ்சுடும்.

முதல்ல கெப்பாசிட்டர். பிரஷ் ஒரு செம்பு துண்டை விட்டு விலகுற அந்த நொடில காயில்ல ஓடிட்டு இருந்த கரண்ட் படக்குனு அறுபடுது. காயிலுக்கு ஒரு குணம் உண்டு, ஓடிட்டு இருக்க கரண்டை சட்டுனு நிறுத்த விடாது, வேகமா போற பஸ்ல டிரைவர் சடன் பிரேக் போட்டா நின்னுட்டு வரவங்க எல்லாம் முன்னாடி சாயுறாங்கல்ல, அந்த மாதிரி கரண்ட் தொடர்ந்து போகத்தான் பாக்கும், வழி இல்லன்னா வோல்டேஜை ஏத்திக்கிட்டே போய் காத்தை பிளந்துட்டாவது தாண்டும். அதான் ஸ்பார்க். மோட்டர் பின்னாடி இருக்க ஓட்டை வழியா இருட்டுல பாருங்க, பொடிப்பொடியா நீல கலர்ல மினுக்குறது தெரியும். மூணு துண்டு, ரெண்டு பிரஷ், அப்ப ஒரு சுத்துக்கு ஆறு தடவை இந்த மாத்தம் நடக்குது, நிமிஷத்துக்கு 9000 சுத்து சுத்துற மோட்டர்ல இது நொடிக்கு 900 தடவை.

ஸ்பார்க்னா சும்மா வெளிச்சம் மட்டும் இல்ல. 1887 வாக்குல ஹெர்ட்ஸ் ரேடியோ அலை இருக்குன்னு காட்டினதே ஸ்பார்க்கை வச்சுத்தான், மார்கோனியோட ஆரம்ப கால டிரான்ஸ்மிட்டர் எல்லாம் ஸ்பார்க்ல ஓடுனதுதான். அப்ப உங்க பொம்மை கார் மோட்டர் ஒரு குட்டி ரேடியோ டிரான்ஸ்மிட்டர், அதுவும் ஒரே ஃப்ரீக்வென்சில ஒழுங்கா பேசாம கிலோ ஹெர்ட்ஸ்ல இருந்து பல மெகா ஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல கத்துற டிரான்ஸ்மிட்டர். மோட்டர்ல இருந்து போர்டுக்கு வர வயர் ரெண்டும் அதுக்கு ஆன்டெனா. விலை குறைஞ்ச ரிமோட் கார் நிறைய 27 மெகா ஹெர்ட்ஸ்ல வேலை செய்யும், ரிசீவர் மோட்டருக்கு ஒரு ஜாண் தூரத்துலதான் இருக்கும், பத்து மீட்டர் தள்ளி இருக்க ரிமோட்ல இருந்து வர சின்ன சிக்னலை இந்த கத்தல் மொத்தமா மூடிடும். 104 உடைஞ்சு போன கார்ல அறிகுறி இப்படித்தான் இருக்கும்: கார் நின்னுட்டு இருக்கும்போது ஸ்டியரிங் ரிமோட்டுக்கு ஒழுங்கா கேக்கும், மோட்டர் ஓட ஆரம்பிச்சதும் தலைகீழா ஆடும், இல்லன்னா கிட்ட போனாத்தான் கேக்கும். நிறைய பேர் இதை பேட்டரி வீக்னு நினைச்சு புது செல் போட்டு பாப்பாங்க.

கெப்பாசிட்டர் இதை எப்படி அடக்குதுன்னா, அது டிசியை விடாது, ஃப்ரீக்வென்சி ஏற ஏற நல்லா விடும். 104னா 10க்கு பின்னாடி நாலு சைபர், அதாவது 1,00,000 பிக்கோ ஃபாரட், 0.1 மைக்ரோ ஃபாரட். இது டிசிக்கு திறந்து கிடக்க சுவிட்ச் மாதிரிதான், கரண்டே போகாது, அதனால பேட்டரி வீணாகாது. நொடிக்கு 900 தடவைங்கற வேகத்துக்கு கூட சுமார் 1770 ஓம் தடை காட்டும், கிட்டத்தட்ட கெப்பாசிட்டரே அங்க இல்லாத மாதிரி. 1 மெகா ஹெர்ட்ஸ்ல 1.6 ஓம். 27 மெகா ஹெர்ட்ஸ்ல கணக்குப்படி 0.06 ஓம், அதாவது ஷார்ட். அப்ப ஸ்பார்க்ல பொறக்குற வேகமான சத்தம் (காதுல கேக்குற சத்தம் இல்ல, அந்த ரேடியோ கத்தல்தான்) எல்லாம் வயர்ல வெளிய கிளம்புறதுக்கு முன்னாடியே இந்த குறுக்கு வழில புகுந்து மோட்டருக்குள்ளயே சுத்தி முடிஞ்சு போயிடும், பேட்டரி கரண்டை யாரும் தொட மாட்டாங்க.

கணக்குப்படின்னு சொன்னேன்ல, நிஜத்துல ஒரு சிக்கல் இருக்கு. கெப்பாசிட்டரோட கால் வயருக்கும் கொஞ்சம் இன்டக்டன்ஸ் (முன்னாடி சொன்ன அதே காயில் குணம்) உண்டு, தோராயமா ஒரு சென்டிமீட்டருக்கு 10 நானோ ஹென்றி, கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும் ஆனா 27 மெகா ஹெர்ட்ஸ்ல அது 1.7 ஓம். கெப்பாசிட்டர் 0.06 ஓம், அதோட கால் ரெண்டும் சேந்து மூணு ஓமுக்கு மேல! அதனாலதான் 104ஐ போர்டுல போடாம மோட்டர் காலுலயே, வயரை எவ்ளோ குட்டையா வெட்ட முடியுமோ அவ்ளோ வெட்டி சால்டர் பண்ண சொல்றாங்க. பிரெட்போர்டுல (சால்டர் இல்லாம பார்ட்டை குத்தி சர்க்யூட் போடுற பலகை) மோட்டர் வயர் வந்து சேர இடத்துல கெப்பாசிட்டர் குத்தி வச்சுட்டு 'கெப்பாசிட்டர் போட்டேன் சார், சத்தம் குறையல'ன்னு சொல்ற பசங்களுக்கு பதில் இதுதான்.

சில நல்ல கார்ல ஒண்ணுக்கு மூணு கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ரெண்டு காலுக்கும் நடுவுல, மத்த ரெண்டும் ஒவ்வொரு கால்ல இருந்தும் மோட்டரோட தகர உறைக்கு. ஏன்னா சத்தம் ரெண்டு வயருக்கு நடுவுல மட்டும் இல்ல, ரெண்டு வயரும் சேந்து ஒண்ணா ஏறி இறங்குற ஒரு வகையும் இருக்கு, அதை நடுவுல இருக்க கெப்பாசிட்டரால ஒண்ணும் பண்ண முடியாது, உறையோட சேத்து கட்டுனாத்தான் அடங்கும். உறைல சால்டர் ஒட்டாம வழுக்கும், முதல்ல உப்புத்தாள்லயோ அரத்துலயோ அந்த இடத்தை பளபளன்னு சுரண்டணும், 25 வாட் அயர்ன்ல அது சூடே ஏறாது, 60 வாட் இருந்தா நல்லது, ஆனா காலை சால்டர் பண்ணும்போது ரொம்ப நேரம் வைக்காதீங்க, பிரஷ்ஷை புடிச்சிட்டு இருக்க பின் மூடி பிளாஸ்டிக், இளகி பிரஷ் நகந்துட்டா மோட்டர் அவ்ளோதான். வயர் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி விட்டா இன்னும் கொஞ்சம் சத்தம் குறையும், காசு செலவில்லாத வேலை.

இது நிஜமான்னு பாக்க பழைய ரேடியோ ஒண்ணு போதும். மீடியம் வேவ்ல ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சு மோட்டரை பக்கத்துல ஓட்டுங்க, கொர்ர்ர்னு கேக்கும், அப்புறம் 104ஐ சால்டர் பண்ணிட்டு அதே தூரத்துல ஓட்டுங்க, நல்லாவே வித்தியாசம் தெரியும். சயின்ஸ் எக்ஸிபிஷன்ல வைக்க இதை விட நல்ல டெமோ எனக்கு தெரியல.

மதிப்பை கூட்டி 100 மைக்ரோ ஃபாரட் போட்டா இன்னும் நல்லா அடங்குமான்னு கேட்டா, வேணாம். அந்த சைஸ்ல கிடைக்கிறது எலெக்ட்ரோலிட்டிக், அதுக்கு பிளஸ் மைனஸ் உண்டு, கார் ரிவர்ஸ் போகும்போது மோட்டர் கால்ல பிளஸ் மைனஸ் மாறும், எலெக்ட்ரோலிட்டிக் தலைகீழா கரண்ட் வாங்குனா உப்பும், சில நேரம் வெடிக்கும். செராமிக் வில்லைக்கு அந்த பிரச்சனையே இல்ல, எப்படி வேணா திருப்பி போடலாம். அது போக எலெக்ட்ரோலிட்டிக் மெகா ஹெர்ட்ஸ்ல சுத்தமா சோம்பேறி. வேகத்தை பல்ஸ் பல்ஸா குடுத்து கட்டுப்படுத்துற சர்க்யூட்ல (பிடபிள்யூஎம், பின்னாடி சொல்றேன்) இன்னும் மோசம், ஒவ்வொரு பல்ஸுக்கும் அந்த பெரிய கெப்பாசிட்டர் நிரம்பணும், அதுக்கான கரண்ட் முழுசும் சுவிட்ச் வேலை பாக்குற டிரான்சிஸ்டர் தலைலதான் விடியும்.

இப்ப ரெசிஸ்டர், அதாவது கரண்டுக்கு தடை போடுற பார்ட். இங்கதான் தப்பான யோசனை ஜாஸ்தி. மோட்டர் ரொம்ப வேகமா சுத்துது, எல்இடிக்கு ரெசிஸ்டர் போட்டு வெளிச்சம் குறைக்கிற மாதிரி மோட்டருக்கும் ஒண்ணு போட்டா வேகம் குறையும்ல? குறையும், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. ஒரு நிஜ மோட்டரை எடுத்துக்கலாம். கடைல '130 மோட்டர்'னு கேட்டா குடுப்பாங்களே, அந்த சைஸ் ஜப்பான் மபுச்சி கம்பெனியோட எஃப்ஏ-130, இப்ப சீனாவுல பல பேர் அதே அளவுல பண்றாங்க. அதுல அதிகமா வர ஒரு மாடலுக்கு 1.5 வோல்ட்ல லோடு இல்லாம சுமார் 9100 சுத்து, 0.2 ஆம்ப். ஷாஃப்டை இறுக்கி புடிச்சு நிறுத்திட்டா 2.2 ஆம்ப். அதே வோல்டேஜ்தான், கரண்ட் மட்டும் 11 மடங்கு எப்படி ஏறுது? சுத்துற மோட்டர் அதே நேரத்துல ஒரு ஜெனரேட்டரும் கூட, பேட்டரிக்கு எதிரா ஒரு வோல்டேஜை உண்டாக்கி தள்ளும், நின்னா அது சைபர். நின்னப்ப இருக்க தடை வெறும் காயில் கம்பியோட தடை, 1.5ஐ 2.2ஆல வகுத்தா சுமார் 0.68 ஓம். ஓடும்போது 0.2 ஆம்புக்கு காயில்ல விழுறது 0.14 வோல்ட், மிச்சம் 1.36 வோல்ட்டும் இந்த எதிர் வோல்டேஜ்தான். அப்ப வேகம்ங்கறது இந்த எதிர் வோல்டேஜ் எவ்ளோங்கறதை பொறுத்தது, திருகு விசைங்கறது கரண்டை பொறுத்தது. இந்த ரெண்டு வரி புரிஞ்சா டிசி மோட்டர் முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி.

இப்ப ரெண்டு செல் போட்டு 3 வோல்ட், நடுவுல 5 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. செல்லோட உள் தடையை கணக்குல எடுக்கல, சும்மா தோராயமா பாக்கலாம். லோடு இல்லாம 0.2 ஆம்ப் எடுத்தா ரெசிஸ்டர்லயும் காயில்லயும் சேந்து 1.1 வோல்ட் போச்சு, மிச்சம் 1.9, மோட்டர் 12,000 சுத்துக்கு மேல பறக்கும், இன்னும் வேகம்தான். சரி கார்ல மாட்டி தரைல விட்டா 0.4 ஆம்ப் எடுக்குதுன்னு வைங்க, இப்ப 2.3 வோல்ட் போச்சு, மிச்சம் 0.7, சுத்து 5000 கிட்ட விழுந்துடுச்சு. ரெசிஸ்டர் இல்லாம நேரா குடுத்திருந்தா இதே லோடு மாத்தத்துக்கு 19,000ல இருந்து 18,000 ஆகிருக்கும் அவ்ளோதான். அதாவது ரெசிஸ்டர் வேகத்தை மட்டும் குறைக்கல, மோட்டரோட பிடிமானத்தையே புடுங்கிடுச்சு, சின்ன மேடு வந்தா கூட நின்னுடும். கிளம்புறது இன்னும் கஷ்டம், நின்ன நிலைல கரண்ட் 3ஐ 5.68ஆல வகுத்தா 0.53 ஆம்ப், ரெசிஸ்டர் இல்லாம நாலு ஆம்புக்கு மேல வந்திருக்க வேண்டியது, அப்ப விசை எட்டுல ஒரு பங்குதான். விரலால ஒரு தள்ளு தள்ளுனாத்தான் சுத்த ஆரம்பிக்கும். அந்த 0.53 ஆம்ப்ல 5 ஓம் ரெசிஸ்டர்ல எரியுற பவர் 1.4 வாட், நம்ம கைல இருக்கறது கால் வாட் ரெசிஸ்டர், ரெண்டு நிமிஷம் கூட தாங்காது, பெயின்ட் கருகி வாசனை வரும்.

அப்ப யாருமே இப்படி பண்ணதில்லையான்னா, நிறைய பண்ணாங்க. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் மாதிரியான பழைய ஸ்லாட் கார் (தடத்துல இருக்க பள்ளத்துல ஓடுற கார்) ரேஸ் செட்ல கைல புடிக்கிற கன்ட்ரோலர் உள்ள கம்பி சுத்துன ரெசிஸ்டர்தான், அழுத்த அழுத்த தடை குறையும். 1984ல டமியா விட்ட ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் மாதிரி ரிமோட் கார்ல சர்வோ (சொன்ன அளவுக்கு மட்டும் திரும்புற சின்ன மோட்டர்) ஒரு சுவிட்சை நகத்தும், மெதுவா போற கியருக்கு கரண்ட் ஒரு செராமிக் ரெசிஸ்டர் வழியா போகும், அது கொதிக்கும், அதனால அதை காத்து படுற இடத்துல வச்சிருப்பாங்க. நம்ம ஊர் பழைய பெரிய டப்பா ஃபேன் ரெகுலேட்டரும் அதே சங்கதிதான், ஒண்ணாம் நம்பர்ல வச்சா கை வைக்க முடியாம சுடும். எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் விலை குறைஞ்சதும் எல்லாம் போயிடுச்சு.

இப்ப வேகம் குறைக்க பிடபிள்யூஎம். முழு வோல்டேஜை நொடிக்கு நூத்துக்கணக்குல தடவை ஆன் ஆஃப் பண்றது, ஆர்டுயினோல (பசங்க ப்ராஜெக்ட்டுக்கு வச்சுக்குற, புரோகிராம் எழுதி ஓட்டுற சின்ன போர்டு) சாதாரணமா 490 தடவை. ஆன்ல இருக்கும்போது முழு பலமும் இருக்கு, அதனால மெதுவா சுத்தும்போதும் இழுக்கும். இவ்ளோ எல்லாம் வேணாம், கொஞ்சம் குறைஞ்சா போதும்னா ரெசிஸ்டருக்கு பதிலா ஒரு டயோடை (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பார்ட்) சீரீஸ்ல போடுங்க, அது கரண்ட் கூடுனாலும் குறைஞ்சாலும் 0.7, 0.8 வோல்ட் மட்டும்தான் சாப்பிடும், 130 மோட்டருக்கு 3 ஆம்ப் தாங்குற 1என்5408 பாதுகாப்பு. இன்னும் நல்ல வழி கியர், வேகம் குறையும் விசை கூடும், ஆனா கிடைக்கணுமே.

அப்ப கார் போர்டுல அத்தனை ரெசிஸ்டர் இருக்கே அதெல்லாம்? ஒண்ணு ஹெட்லைட் எல்இடிக்கு. ஒண்ணு ரிசீவர் ஐசிக்கு தாளம் போட. மீதி பெரும்பாலும் மோட்டரை முன்னும் பின்னும் ஓட்டுற டிரான்சிஸ்டர்களோட பேஸ்ல (கட்டளை வாங்குற கால்) இருக்கும். ஐசி கால்ல இருந்து டிரான்சிஸ்டருக்கு போற கரண்ட் அளவு மீறாம பாத்துக்கறது அதோட வேலை, அதாவது மோட்டர் கரண்ட் அது வழியா போறதே இல்ல, கட்டளை மட்டும்தான் போகுது. நீங்க ஆர்டுயினோல பண்ணாலும் அதே. பழுப்பு கருப்பு சிவப்பு, 1 கிலோ ஓம், பேஸ்ல போடுறது எல்லா சர்க்யூட் படத்துலயும் இருக்கும், 5 வோல்ட்ல இருந்து பேஸுக்கு 4.3 மில்லி ஆம்ப் போகும். ஆனா டிரான்சிஸ்டர் முழுசா ஆன் ஆகணும்னா கலெக்டர் கரண்ட்ல (மோட்டர் வழியா ஓடுற கரண்ட்) பத்துல ஒரு பங்கு பேஸுக்கு குடுக்கணும்னு ஒரு வழக்கம், அப்ப 4.3 மில்லி ஆம்புக்கு 40, 50 மில்லி ஆம்ப் மோட்டர்தான் நிம்மதியா ஓடும், 130 மோட்டருக்கு பத்தவே பத்தாது. அதுவும் பிசி547 போட்டா அதோட எல்லையே 100 மில்லி ஆம்ப், தொட்டு பாருங்க சுடும், கொஞ்ச நேரத்துல செத்துடும். இதுக்கு ஐஆர்எல்இசட்44என் மாதிரி 5 வோல்ட்லயே நல்லா திறக்குற மாஸ்ஃபெட் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர், அதுல கட்டளை வாங்குற காலுக்கு கேட்னு பேர்) போடறது மேல், கேட்ல 100 ஓம் ஒண்ணு, கேட்ல இருந்து கிரவுண்டுக்கு, அதாவது மைனஸுக்கு, 10 கிலோ ஓம் (பழுப்பு கருப்பு ஆரஞ்சு) ஒண்ணு. இந்த 10 கிலோ ஓமை வேணாம்னு விட்டுடாதீங்க, ஆர்டுயினோ ஆன் ஆகுற நேரத்துல அதோட கால் ஆனும் இல்லாம ஆஃபும் இல்லாம தொங்கும், அப்ப மோட்டர் தானா சுத்த ஆரம்பிக்கும், கார் மேஜைல இருந்து ஓடி விழும்.

டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகும்போது முன்னாடி சொன்ன அதே காயில் குணம் டிரான்சிஸ்டரை தாக்கும், அதை 104 தாங்காது, மோட்டருக்கு குறுக்கால தலைகீழா ஒரு டயோட் கட்டாயம், 1என்5819 நல்லது, 1என்4007 கூட ஓட்டலாம். டயோடும் 104ம் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து இல்ல, ரெண்டும் வேணும். சில மோட்டர்ல கம்யூட்டேட்டர் மேலயே ஒரு சின்ன வளையம் இருக்கும், வேரிஸ்டர், வோல்டேஜ் எகிறுனா மட்டும் தடை குறையுற ரெசிஸ்டர், ஸ்பார்க்கை பொறக்குற இடத்துலயே அமுக்கிடும். சிடி பிளேயர் மோட்டரை உடைச்சா பாக்கலாம்.

கடைசியா எல்லாரும் மாட்டிக்கிற ஒண்ணு: மோட்டர் கிளம்புன உடனே ஆர்டுயினோ ரீசெட் ஆகுறது. இணையத்துல தேடுனா 470 மைக்ரோ ஃபாரட் போடுன்னு பதில் வரும். கணக்கு போடுங்க, மோட்டர் 1 ஆம்ப் இழுத்தா, அந்த கெப்பாசிட்டர் மட்டும் தனியா குடுத்துச்சுன்னா, ஒரு மில்லி செகண்ட்ல 2 வோல்ட் இறங்கிடும். மோட்டர் வேகம் எடுக்க அதை விட பல மடங்கு நேரம் ஆகும். அப்ப அந்த கெப்பாசிட்டர் வேகமான சின்ன பள்ளத்தை நிரப்பும், கிளம்புற நேர பெரிய பள்ளத்தை நிரப்பாது. 9 வோல்ட் சதுர பேட்டரில ஆர்டுயினோவையும் மோட்டரையும் சேத்து ஓட்டுனா எத்தனை கெப்பாசிட்டர் போட்டாலும் ரீசெட்தான், அந்த பேட்டரிக்கு உள் தடை அவ்ளோ. மோட்டருக்கு நாலு பென்சில் செல் தனியா வைங்க, ரெண்டு கிரவுண்டையும் ஒரே இடத்துல, முடிஞ்சா மோட்டர் பேட்டரியோட மைனஸ் பக்கத்துலயே சேருங்க. மோட்டரோட திரும்பி வர கரண்ட் ஆர்டுயினோ கிரவுண்ட் வயர் வழியா சுத்தி வந்துச்சுன்னா தனி பேட்டரி வச்சும் ரீசெட் ஆகும், அப்ப பார்ட் எதையும் மாத்த வேணாம், அந்த வயரை மட்டும் பிடுங்கி நேரா பேட்டரி மைனஸுக்கு போடுங்க.